டாப் என்னும் இரண்டு சொற்கள்

குலசேகரத்திலோ அருமனையிலோ 'டாப்பர்' என்றால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் என்று பொருள். நாகர்கோவில் வந்து சேர்ந்தால், பயிற்சி மையங்களின் விளம்பரத் தட்டிகளில் சிரிக்கும் 'டாப்பர்' தேர்வில் முதலிடம் பெற்ற மாணவி. ஆங்கிலத்தில் இவை உயிரொலியால் வேறுபட்ட இரண்டு சொற்கள். தமிழ் எழுத்துக்குள் வந்ததும் ஒரே உருவம் எடுத்துக்கொண்டன. இதனால் யாருக்கும் இடைஞ்சல் ஏதும் இல்லை. பால் வெட்டுகிறவரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்றால், ஒரே வீட்டில் இரண்டு டாப்பர்கள் என்று ஊரார் சொல்லி மகிழலாம்.

இந்தக் கட்டுரை முதல் டாப்பரின் வினைச்சொல்லைப் பற்றியது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது புழங்காத இடம் குறைவு. ரப்பர் தோட்டத்தில் 'டாப்பிங்' நடக்கிறது. பனையிலிருந்து பதநீர் இறக்குவதையும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்த நோயாளிக்கு 'டாப் பண்ணணும்' என்று மருத்துவர் செவிலியரிடம் சொல்கிறார். பட்டறைக்காரர் இரும்புத் துளையில் டாப் போட்டு மரை எடுக்கிறார். கைப்பேசித் திரையை டாப் செய்யச் சொல்லி வங்கிச் செயலி கேட்கிறது. பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலத் தமிழ் அகராதிகளோ இவை அனைத்தையும் 'தட்டு; குழாய்; வடித்தெடு' என்று அரைப்புள்ளி இட்டு ஒரே வரியில் அடுக்கிவிடுகின்றன. அதைப் படிக்கும் மாணவர், தட்டுவதிலிருந்து வடித்தெடுப்பது எப்படியோ கிளைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அது தவறான எண்ணம். வடித்தெடுக்கும் டாப் வேறு, தட்டும் டாப் வேறு. எழுத்தும் ஒலியும் ஒன்றாக அமைந்துவிட்ட இரண்டு தனிச் சொற்கள் அவை.

வடித்தெடுக்கும் சொல்லே மூத்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'டாப்பா' என்ற பெயர்ச்சொல்லாக இருந்தது. பொருள், பீப்பாயின் துளையை அடைக்கும் மரமுளை. மரப்பலகைகளைச் சேர்த்து இரும்பு வளையம் பூட்டிச் செய்த பீப்பாய்களில் பீரையும் திராட்சை மதுவையும் தேக்கி வைத்த நாடுகளில், அடிப்பக்கம் ஒரு துளை இட்டு, ஒரு பக்கம் கூம்பிய கட்டையை அதில் இறுக்கி வைப்பார்கள். அந்தக் கட்டைதான் டாப். அதாவது இந்தச் சொல் முதலில் குறித்தது ஒழுக்கைத் தடுக்கும் பொருளை. இன்று நாம் அறிந்த வினையோ ஒழுகச் செய்வதைக் குறிக்கிறது. அடைப்பானின் பெயர் திறப்பின் வினையாக மாறியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லின் வரலாற்றில் எல்லாவற்றையும்விடச் சுவையான இடம் இதுதான்.

உறவு மொழிகளிலும் அடைப்பான் என்ற பொருள் தெளிவாகவே நிற்கிறது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு 'ட்ஸாப்ஃபன்'. ஆங்கிலத்தின் 'ட'கரம் அங்கே 'ட்ஸ' ஆவதும், 'ப்ப' என்பது 'ப்ஃப' ஆவதும் ஒழுங்கான ஒலி மாற்றங்கள். ஆங்கிலத்தின் 'ஆப்பிள்' அங்கே 'ஆப்ஃபல்' ஆனதும் இதே விதிப்படிதான். அந்த ஜெர்மன் சொல் முளையையும் அடைப்பானையும் குறிப்பதோடு, வடிவ ஒப்புமையால் பைன் மரக் காயையும் குறிக்கும். கூரை விளிம்பில் உறைந்து தொங்கும் பனிக்கட்டி கூட 'பனி ட்ஸாப்ஃபன்'தான். இதே ஜெர்மானிய வேர் பிராங்கியர் வழியாகப் பிரெஞ்சுக்குள் நுழைந்து அடைப்புத் துண்டைக் குறிக்கும் 'தாம்போன்' ஆயிற்று. பீரங்கியின் வாயில் மழைநீரும் உப்புக்காற்றும் புகாமல் இருக்கச் செருகிய மரக்கட்டைக்கும் அந்த வழியில் வந்த பெயர்தான்.

அடைக்கும் பெயர் திறக்கும் வினையானது முரணாகத் தோன்றலாம். ஆனால் பீப்பாயின் முன் நிற்கும் ஆளின் நிலையிலிருந்து பார்த்தால் வழி தெளிவாகத் தெரிகிறது. பழைய ஆங்கிலத்தின் 'டாப்பியன்' என்ற வினை, பீப்பாய்க்கு முளை பொருத்துவதையும் அதன் வழியே மதுவை வார்ப்பதையும் சேர்த்தே சுட்டியது. துளை இட்டு முளை வைப்பதே பின்னர் எடுப்பதற்காகத்தான். எடுக்கும் எண்ணம் இல்லாதவர் பீப்பாயில் துளையே இடமாட்டார். ஆங்கிலத்தில் தண்ணீர்க் குழாயின் வாய்க்கு வழங்கும் வேறு இரண்டு பெயர்களும் இதே வழியில் வந்தவை என்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. அமெரிக்கர்கள் சொல்லும் 'ஃபாசெட்' பீப்பாய் முளையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'ஸ்பிகட்' என்பதும் பீப்பாயை அடைக்கும் சிறு முளைதான். மூன்று சொற்கள், மூன்றும் அடைப்பான்கள், மூன்றும் இன்று திறந்துவிடும் கருவிகள். நாமோ குழாய் என்று உள்ளீடற்ற தண்டைப் பார்த்துப் பெயர் வைத்தோம். பேச்சில் 'பைப்பைத் திற' என்று சொல்லும்போதும் தண்டைத்தான் சுட்டுகிறோம். மரப்பீப்பாய் நம் வீடுகளில் இருந்ததில்லை, ஆகவே அதன் முளைக்குச் சொல்வாழ்வில் பெரிய இடம் கிடைக்கவில்லை.

முளை என்ற வடிவம் மட்டும் தனியே பிரிந்து சென்ற கிளைகளும் உண்டு. பட்டறையில் மரை எடுக்கும் டாப், துளைக்குள் செருகும் முளை போன்ற எஃகுத் துண்டு. வெட்டும் பற்கள் அதன் உடலில் இருக்கின்றன. மண்ணுக்குள் நேராக இறங்கி நுனியில் கூம்பும் வேரை ஆங்கிலம் முளை வேர் என்று சொன்னது, தமிழ் ஆணிவேர் என்றது. ஒன்றையொன்று கேட்காமலே இரண்டு மொழிகளும் அங்கே ஒரே பொருளைக் கண்டிருக்கின்றன. மது வார்க்கும் பெண்ணைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த 'டாப்ஸ்டர்' பின்னர் ஆண்களுக்கும் பொதுவாயிற்று. நூல் நூற்பவளைக் குறித்து, பிறகு மணமாகாதவளைக் குறிக்கத் தொடங்கிய 'ஸ்பின்ஸ்ட'ரில் உள்ள அதே பெண்பால் விகுதிதான் இதிலும் இருக்கிறது.

பீப்பாயிலிருந்து மரத்துக்குச் சொல் தாவியது பெரிய தாவல் அல்ல. மரத்தின் உடலில் துளையிட்டோ கீறியோ உள்ளிருக்கும் நீரை வடிப்பது, பீப்பாயைத் திறப்பதைப் போலவே தோன்றியிருக்கும். ரப்பரைப் பொறுத்தவரை, அந்தத் தொழில் இன்றுள்ள வடிவத்தை அடைந்தது சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில்தான். ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது, சில சிங்கப்பூரை அடைந்தன. அமேசான் காட்டில் பால் சேகரித்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கோடரியின் வாய் பட்டையைத் தாண்டி உள்தடி வரை இறங்கியதால் மரம் புண்பட்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. 1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, மரத்துக்குக் கேடு இல்லாமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்தார். புதிய இடத்தில் கொத்துவதைவிட, முன்பு வெட்டிய வெட்டின் கீழ்விளிம்பிலேயே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து அதே காயத்தை மீண்டும் திறந்தால் பால் கூடுதலாக வருகிறது என்பது அவர் கண்ட உண்மை. ரப்பர் பயிரிடச் சொல்லித் தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்ததால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தவர்களும் உண்டு. நூறு வயது கடந்து வாழ்ந்த அவர் 1956 அக்டோபர் 24 அன்று இறந்தார். எட்டு நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்து நம் மாவட்டம் பிறந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அவர் வகுத்த முறையால் பிழைக்கும் மாவட்டத்துக்காரனாக இதைக் குறிக்காமல் விட மனம் வரவில்லை.

கீரிப்பாறையிலும் மணலோடையிலும் கோதையாற்றிலும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. அதைவிட, வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் ரப்பர் வைத்திருக்கும் குடும்பங்களும் மேற்குப் பகுதியில் ஏராளம். நாளிதழ்கள் 'பால்வடிப்பு' என்று எழுதுவதை மக்கள் 'வெட்டு' என்கிறார்கள். 'இண்ணு வெட்டு உண்டா?' என்பது மழைக்காலக் காலையில் பக்கத்து வீட்டாரிடம் கேட்கப்படும் கேள்வி. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரத்தில் பரந்து வழியும். மழைக்காப்பு ஒட்டாத மரங்களுக்கு அன்று வெட்டு இல்லை. தமிழ்ச் சொல் கத்தியின் செயலைச் சொல்கிறது. ஆங்கிலச் சொல் உள்ளிருப்பது வெளியே வருவதைச் சொல்கிறது. கூலியும் திறமையும் கத்தியைச் சார்ந்திருப்பதால் நம் சொல்லே தொழிலுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, 25 முதல் 30 பாகை வரையிலான சரிவில் வெட்டு இறங்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால்குழல்கள் நேர்நிலையிலிருந்து சிறிது வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இந்தத் திசையில் வெட்டினால் கூடுதலான குழல்கள் அறுபடும். மரம் பருமன் கொள்ளக் காரணமான கேம்பியம் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு முன்பாகக் கத்தி நிற்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பீப்பாயில் முளை இருந்தது, பிடுங்கினார்கள். ரப்பர் மரத்தில் முளை எங்கே இருக்கிறது? சொல் வெறும் உவமையாகத்தானே ஒட்டிக்கொண்டது? நானும் பல காலம் அப்படித்தான் கருதி வந்தேன். ரப்பர் மரத்தின் உடலியலைப் படித்தபோது சொல் எதிர்பாராத அளவுக்குப் பொருந்துவது தெரிந்தது. விடியும் முன் பால்குழல்களுக்குள் அழுத்தம் மிகுதியாக இருக்கும். காற்று மண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு வரை அது உயர்வதுண்டு. நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு வெட்டப் போவது அதற்காகத்தான். வெட்டியதும் அழுத்தம் சரிகிறது, பால் பாய்கிறது. பாய்ச்சலின்போது பாலுக்குள் மிதக்கும் லூட்டாய்டு என்ற நுண்பைகள் சிதைந்து, அவற்றினுள் இருக்கும் பொருள்கள் ரப்பர் துகள்களைத் திரட்டுகின்றன. அந்தத் திரட்டு அறுபட்ட குழல்களின் வாயில் அடைப்பாக உட்காருகிறது. சில மணி நேரத்தில் ஒழுக்கு நிற்பது இதனால்தான். எந்த மரம் எவ்வளவு விரைவாக அடைத்துக்கொள்கிறது என்பதை ரப்பர் ஆய்வாளர்கள் 'அடைப்புக் குறியீடு' என்று பெயரிட்டே அளக்கிறார்கள். அடைப்பைத் தாமதமாக்கி ஒழுக்கை நீட்டிப்பதற்கே பட்டையில் எத்திஃபான் என்ற வேதிப்பொருளைத் தடவுகிறார்கள். மறுமுறை வெட்ட வருகிறவர், வெட்டுச்சாலில் நாடாவாக உறைந்து கிடக்கும் பாலை முதலில் உரித்தெடுத்துக் கூடையில் போடுகிறார். பிறகு கத்தியால் மெல்லிய சீவலை எடுக்கும்போது, அடைபட்ட குழல்வாய்கள் அந்தச் சீவலோடு போய்விடுகின்றன. ஆக, மரம் ஒவ்வொரு முறையும் தானே ஒரு முளையைச் செய்து வைத்துக்கொள்கிறது, டாப்பர் அதைப் பிடுங்குகிறார். ரிட்லி மீண்டும் மீண்டும் ஒரே காயத்தைத் திறந்தபோது அவர் செய்ததும் இதுதான். லூட்டாய்டு பற்றி ஒன்றும் அறியாத காலத்தில் பொருத்திய சொல், பீப்பாயின் பழைய முளையை மரத்துக்குள்ளேயே கொண்டிருக்கிறது.

பனையிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியால் இறுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார்கள். சீவிய முகம் காய்ந்து அடைந்துபோகும் என்பதால் காலையும் மாலையும் ஏறி மறுபடி சீவ வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் அக்கானி என்று சொல்லப்படும் பதநீர் இப்படித்தான் இறங்குகிறது. பனைக்குச் சீவு, ரப்பருக்கு வெட்டு, கலயத்துக்கு இறக்கு என்று தமிழ் ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்ல, ஆங்கிலம் பீப்பாய்ச் சொல் ஒன்றையே எல்லாவற்றுக்கும் நீட்டியிருக்கிறது.

இனி மற்ற டாப். மெல்லத் தட்டுவதைக் குறிக்கும் இந்த வினை 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் காணப்படுகிறது. பழைய பிரெஞ்சின் 'தாப்பே' என்ற வினையோடு தொடர்புடையது. அடிப்படையில் ஒலிக்குறிப்புச் சொல்லாகவே கருதப்படுகிறது. விரல் பலகையில் படும் ஓசையே அதன் பொருள். இத்தகைய சொற்கள் தொடர்பற்ற மொழிகளில்கூட ஒத்து ஒலிக்கும். தமிழில் தப்பு என்றால் அடித்தல். தப்பு என்றொரு பறையும் உண்டு. இதைக் கண்டதும் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போயிற்று என்று எழுதிவிடும் ஆர்வம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தோலிலும் மரத்திலும் கை பட்டால் எழும் ஓசை எல்லா நாட்டிலும் ஒன்றே என்பதற்கு மேல் அதில் சான்று எதுவும் இல்லை.

பிறப்பால் தொடர்பற்ற இந்த இரண்டு சொற்களும் மருத்துவத்தில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு விடுதிக்காரரின் மகனாக 1722இல் பிறந்த லியோபோல்ட் ஆவன்பிருக்கர், நோயாளியின் மார்பை விரல் நுனிகளால் தட்டி, எழும் ஓசையிலிருந்து உள்ளே நீர் தேங்கியிருப்பதை அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். மது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தந்தையின் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்த பழக்கமே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று மருத்துவ வரலாறுகள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. அன்றைய மருத்துவ உலகம் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் முறை பரவியது. நம் மாவட்டத்தில் ஆங்கில மருத்துவம் 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியோடு வேர் பிடித்தது. இன்று எந்த மருத்துவமனை வார்டிலும், நுரையீரல் உறையில் நீர் சேர்ந்த நோயாளியின் முதுகில் மருத்துவர் விரலை வைத்து மற்றொரு விரலால் தட்டுவதைப் பார்க்கலாம். ஓசை மந்தமாக இருந்தால், படம் எடுத்து உறுதி செய்துகொண்டு, ஊசி செருகி நீரை எடுப்பார்கள். முதலில் நடந்ததும் டாப், பிறகு நடந்ததும் டாப். முதலாவது ஓசைச் சொல். இரண்டாவது முளைச் சொல். ஆவன்பிருக்கரின் தந்தை வீட்டுப் பீப்பாயும் இந்த இரண்டையும் ஏற்றிருக்கும்.

இரண்டும் நெருங்கி நிற்கும் இன்னொரு இடம் படைமுகாம். இரவில் மதுக்கடைகளை மூடி வீரர்கள் திரும்ப வேண்டும் என்பதற்கு அடித்த முரசொலியை டச்சுக்காரர்கள் 'டாப் டூ' என்றார்கள். முளையை அடை என்பது அதன் பொருள். 1644இல் நாட்டிங்ஹாம் கோட்டையின் ஆணை ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு டாப் டூ அடித்த பின்னும் மதுக்கடையில் குடித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டரை ஷில்லிங் தண்டம் என்று விதிக்கிறது. அந்தச் சொல்தான் தேய்ந்து, படை அணிவகுப்புக் காட்சியைக் குறிக்கும் 'டாட்டூ' ஆனது. ஜெர்மானியர் அதே முரசுக்கு வைத்த பெயர் 'ட்ஸாப்ஃபன்ஷ்ட்ரைக்'. முளையின் மீது விழும் அடி என்று அதைப் பிரிக்கலாம். உடலில் குத்தும் டாட்டூ இதற்கு உறவில்லாதது. கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் 1769இல் பசிபிக் தீவான டஹிட்டியில் தங்கியபோது ஆங்கிலேயர் கேட்டறிந்த பாலினேசியச் சொல் அது. அங்கே சீப்பு போன்ற பற்கருவியைத் தோலில் வைத்துச் சிறு கோலால் தட்டித்தான் பச்சை குத்தினார்கள். தட்டுவது இங்கும் புகுந்துவிட்டது, சொல் மட்டும் வேறு.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு முளைச் சொல்லின் வழியில் வந்தது. தந்திக் கம்பியில் இடையே ஒரு கம்பியை இணைத்துச் செய்தியை உருவியது, பீப்பாயில் துளையிட்டு மதுவை உருவியதாகவே தோன்றியது. நம் நாட்டில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1996இல், முறையான நடைமுறை இல்லாமல் ஒட்டுக்கேட்பது தனிமனித அந்தரங்கத்தை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. அதே கைப்பேசியின் கண்ணாடித் திரையில் விரல் வைப்பதோ ஓசைச் சொல். ஓசை போய்விட்டது, சொல் இருக்கிறது.

அகராதி எழுதுகிறவர்களைச் சோதிக்கத் தகுந்த இடம் தென்னை. ஈத்தாமொழியின் நெட்டைத் தென்னைகள் புகழ்பெற்றவை, ஆனால் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் சென்றால்தான் இதை முழுமையாகப் பார்க்க முடியும். விரியாத தென்னம்பாளையை நாரால் சுற்றிக் கட்டி, எலும்பாலோ கட்டையாலோ செய்த சிறு தண்டால் நாள்தோறும் மெல்லத் தட்டுகிறார்கள். உள்ளே பூக்கள் நசுங்கி, திசுக்கள் இளகி, நீர் சுரக்கத் தயாராகிறது. அதன் பிறகே நுனியைச் சீவிக் குடம் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இதை எழுதுகிறவர், மரமேறி பாளையை டாப் செய்வதற்காகப் பல நாள் டாப் செய்கிறார் என்று எழுதினால் அந்த வாக்கியம் சரியானது. ஆனால் முதல் டாப்பைத் தேடுகிறவர் பழைய ஆங்கில முளைக்கும், இரண்டாவதைத் தேடுகிறவர் பிரெஞ்சு வழி வந்த ஓசைக்கும் போக வேண்டும். மாணவர் அகராதிகள் அரைப்புள்ளியை நீக்கிவிட்டு, டாப் 1, டாப் 2 என்று இரண்டு தலைச்சொற்களாகப் பதிப்பித்தால் அதற்கு இன்னும் ஒரு வரி இடம்தான் தேவைப்படும்.